ஜெர்மனா, கொரியனா, ஃபிரெஞ்சா? ஹோம் ஸ்கூலிங் பிள்ளைக்கு வெளிநாட்டு மொழி... பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள்!

"அம்மா, நான் கொரியன் படிக்கப்போறேன்."

"கொரியன் படிச்சு என்னடி பண்ணப்போற? ஜெர்மன் படி. உங்க மாமா பையன் ஜெர்மன் படிச்சுட்டுத்தானே அங்க போனான்?"

"அவன் போனான்னா நானும் போகணுமா?"

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்களில் எளிதில் வரக்கூடிய வாக்குவாதம் இது. பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. பள்ளியில் ஃபிரெஞ்சு இருந்தால் ஃபிரெஞ்சு, ஜெர்மன் இருந்தால் ஜெர்மன், எதுவும் இல்லையென்றால் பேச்சே இல்லை. வீட்டுக் கல்வியில் எந்த மொழி, எந்தப் புத்தகம், எந்த ஆசிரியர், எந்தத் தேர்வு என்று எல்லாவற்றையும் வீடே முடிவு செய்ய வேண்டும். தவறாக முடிவு செய்தால் பணம் போகும். பணத்தைக்கூட திரும்பச் சம்பாதிக்கலாம். 13 வயதிலிருந்து 17 வயது வரையிலான காலம் திரும்பி வராது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க எளிதான ஒரு பிரிவினை உண்டு. மொழியைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். பாடத்திட்டத்தைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கட்டும். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. 'ஸ்கோப்' பார்த்து மொழியை அப்பா முடிவு செய்கிறார். விளம்பரம் பார்த்து ஆப்பை மகன் முடிவு செய்கிறான். நான்காவது மாதம் இரண்டுமே மூலைக்குப் போய்விடுகின்றன.

முதலில் ஒரு நிம்மதியான செய்தி

தமிழ்நாட்டில் ஹோம் ஸ்கூலிங் பிள்ளைகள் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு நாடும் முக்கியமான வழி, மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி. என்.ஐ.ஓ.எஸ். என்றால் எல்லோருக்கும் தெரியும். 14 வயது நிறைந்தவர்கள் அதில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். தேர்ச்சிக்கு ஐந்து பாடங்கள் போதும். அவற்றில் ஒரு மொழிப்பாடமாவது இருக்க வேண்டும். அந்த இடத்தைத் தமிழோ ஆங்கிலமோ நிரப்பிவிடும்.

அதாவது, சான்றிதழுக்காக கொரியனோ ஜெர்மனோ படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஃபிரெஞ்சு எடுத்தால் மார்க் நிறைய வரும் என்பதற்காகவே பள்ளியில் அந்த மொழியை எடுத்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகிறவர்கள் எத்தனையோ பேர். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு மார்க் கவலை இல்லாமல் மொழியை மொழியாகவே படிக்கும் வாய்ப்பு இருக்கிறது.

கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. வழியில் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அதில் ஃபிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் போன்றவற்றை வெளிநாட்டு மொழிப் பாடமாக எடுக்கலாம். ஆனால், அந்தத் தேர்வில் பேச்சுத் தேர்வும் உண்டு. அதைத் தேர்வு மையமாக இருக்கும் பள்ளிதான் நடத்த வேண்டும். பிரைவேட் கேண்டிடேட்டாகப் பதிவு செய்யும் பிள்ளைக்கு அந்தப் பள்ளி பேச்சுத் தேர்வு நடத்துமா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புத்தகம் வாங்குவது அதற்குப் பிறகு.

மொழியைப் பிள்ளையிடம் விடுவது ஏன்?

பள்ளியில் ஒரு மொழியைப் பிடிக்காவிட்டாலும் மணி அடிக்கும், ஆசிரியர் வருவார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் படிப்பான். அந்த ஓட்டத்தில் பிள்ளையும் ஓடிவிடும். வீட்டில் மணியும் இல்லை, பக்கத்து பெஞ்சும் இல்லை. தினமும் புத்தகத்தைத் திறக்கவைப்பது பிள்ளையின் ஆசை மட்டும்தான். அந்த ஆசை கே-டிராமாவிலிருந்து வந்ததா, அனிமேயிலிருந்து வந்ததா, கால்பந்திலிருந்து வந்ததா என்பது முக்கியமே இல்லை.

'கே-டிராமா பார்த்துட்டு கொரியன் படிக்கிறதெல்லாம் ஒரு படிப்பா?' என்று கேட்கத் தோன்றும். யோசித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளை ஏற்கெனவே நூற்றுக்கணக்கான மணி நேரம் அந்த மொழியைக் கேட்டிருக்கிறது. அதன் ஏற்ற இறக்கம் காதில் பதிந்திருக்கிறது. காசு கொடுத்தாலும் கிடைக்காத முதலீடு அது.

வேலை வாய்ப்பு? சென்னையைச் சுற்றியே கொரிய, ஜப்பானிய, ஜெர்மன், ஃபிரெஞ்சு நிறுவனங்களின் தொழிற்சாலைகள் இருக்கின்றன. எந்த மொழியாக இருந்தாலும் அதை நன்றாகத் தெரிந்துகொண்டால்தான் பயன். அரைகுறையாக நின்றால் எந்த மொழிக்கும் ஸ்கோப் இல்லை. உதாரணமாக, ஜெர்மனியில் நர்ஸாகப் பணியாற்ற அங்கீகாரம் பெற பொதுவாக பி2 அளவு ஜெர்மன் கேட்கிறார்கள். ஜெர்மன் வழியில் டிகிரி படிக்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக அதைவிட மேலே எதிர்பார்க்கின்றன. ஏ1 சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அங்கே சீட்டும் கிடைக்காது, வேலையும் கிடைக்காது.

ஏ1, பி2... இதெல்லாம் என்ன?

ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட அளவுகோல் இது. மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகளாகப் பிரிக்கிறது. ஏ1 என்றால் பெயர், ஊர், குடும்பம், கடையில் விலை கேட்பது என்ற அளவு. பி1-ல் அந்த நாட்டில் தனியாகப் பயணம் செய்து சமாளிக்கலாம். பி2-ல் ஒரு விஷயத்தைப் பற்றி விவாதமே செய்யலாம்.

ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு காலம் ஆகும்? ஜெர்மன் மொழிக்கு கோத்தே இன்ஸ்டிட்யூட் ஒரு தோராயக் கணக்கு தருகிறது. அவர்கள் கணக்கில் ஒரு பாடவேளை 45 நிமிடம். ஆரம்பத்திலிருந்து ஏ1 முடிக்க 80 முதல் 200 பாடவேளைகள். பி1 முடிக்க மொத்தம் 350 முதல் 650. பி2-வுக்கு 600 முதல் 800.

இதை வீட்டுக் கணக்காக மாற்றிப் பாருங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு பாடவேளை, வருடத்துக்கு 40 வாரம். மொத்தம் 200 பாடவேளைகள். பண்டிகை, ஊர்த் திருவிழா, காய்ச்சல், கல்யாணம் எல்லாவற்றுக்கும் 12 வாரம் ஒதுக்கியாயிற்று. இந்த வேகத்தில் முதல் வருடம் ஏ1 நிம்மதியாக முடியும். இரண்டு வருடத்தில் 400 பாடவேளைகள், அதாவது பி1-ஐத் தொடத் தொடங்கும் இடம். நான்கு வருடத்தில் 800. பி2 வரை போகலாம். 13 வயதில் தொடங்கிய பிள்ளை 17 வயதில் அங்கே நிற்கும்.

அதே நான்கு வருடத்தில் முதல் வருடம் ஃபிரெஞ்சு, அடுத்த வருடம் ஜெர்மன், அப்புறம் ஜப்பானிஷ், கடைசியில் கொரியன் என்று மாறிக்கொண்டே இருந்தால்? நான்கு மொழியில் 'என் பெயர் இது, நான் சென்னையில் வசிக்கிறேன்' என்று சொல்லத் தெரியும். ஒரு மொழியிலும் அடுத்த வாக்கியம் வராது. மொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு. ஆனால், தேர்ந்தெடுத்த பிறகு ஒரு வருடமாவது மாற்றக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

தமிழ் தெரிந்த பிள்ளைக்கு எது சுலபம்?

எந்த மொழி எவ்வளவு கடினம் என்று சுற்றிவரும் பட்டியல்கள் பலவும் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனத்தின் கணக்கை அடிப்படையாகக் கொண்டவை. ஃபிரெஞ்சுக்குச் சுமார் 30 வாரம், ஜெர்மனுக்குச் சுமார் 36 வாரம், ஜப்பானிஷ், கொரியன் இரண்டுக்கும் 88 வாரம். இது முழுநேரமாகப் படிக்கும் அமெரிக்க அதிகாரிகளுக்கான கணக்கு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கானது. நம் வீட்டுப் பிள்ளைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

ஜப்பானிஷில் 'வாதாஷி வா ஹோன் ஓ யோமிமாஸ்' என்றால் 'நான் புத்தகத்தைப் படிக்கிறேன்' என்று அர்த்தம். ஹோன் என்றால் புத்தகம், யோமிமாஸ் என்றால் படிக்கிறேன். வார்த்தைகளின் வரிசை அச்சு அசலாகத் தமிழ்தான். நடுவில் வரும் 'ஓ', நம்முடைய 'ஐ' வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது. வினைச்சொல் கடைசியில்தான் வரும். கொரியனிலும் இதே அமைப்பு. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் தலையைச் சொறியும் இடத்தில் தமிழ்ப் பிள்ளை சாதாரணமாகக் கடந்து போகும்.

கொரியனில் இன்னொரு வசதியும் உண்டு. தமிழில் 'பத்து' என்பதிலும் 'கம்பு' என்பதிலும் வருவது ஒரே பகர எழுத்து. ஒலி மட்டும் இடத்துக்குத் தகுந்த மாதிரி மாறுகிறது. கொரிய எழுத்துகள் சிலவும் இப்படித்தான், சொல்லின் தொடக்கத்தில் ஒரு மாதிரியும் நடுவில் ஒரு மாதிரியும் ஒலிக்கும். அரசர் செஜோங் 1446-ல் அறிவித்த அந்த எழுத்து முறையில் இன்று அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். ஜப்பானிஷில் அப்படி முடியாது. ஹிரகானா 46, கதகானா 46, அதற்கு மேல் சீனத்திலிருந்து வந்த கஞ்சி எழுத்துகள். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு வைத்திருக்கும் பட்டியலில் மட்டும் 2,136 கஞ்சி எழுத்துகள் இருக்கின்றன.

ஜெர்மனுக்கு வருவோம். நாம் மனிதர்களுக்குத்தான் ஆண்பால், பெண்பால் பார்ப்போம். ஜெர்மனில் ஸ்பூன் ஆண்பால், ஃபோர்க் பெண்பால், கத்தி இரண்டும் இல்லாத மூன்றாம் பால். சிறுமி என்ற சொல்கூட அந்த மூன்றாம் பாலில்தான் வருகிறது. காரணம் கேட்காமல் மனப்பாடம் செய்ய வேண்டும். ஆனால், ஜெர்மனின் நான்கு வேற்றுமைகளைப் பார்த்து மற்றவர்கள் மிரளும்போது, எட்டு வேற்றுமை படித்த தமிழ்ப் பிள்ளைக்கு அந்த யோசனையே புதிதல்ல. ஃபிரெஞ்சில் எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்று. எழுதும்போது பாரிஸ், சொல்லும்போது 'பாரி'. காது பழகாமல் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஃபிரெஞ்சு படிப்பது வீண்வேலை.

நீ, நீங்கள் என்ற மரியாதை வித்தியாசம் ஃபிரெஞ்சு, ஜெர்மன் இரண்டிலும் உண்டு. கொரியனிலும் ஜப்பானிஷிலும் அது இன்னும் நுட்பமாக இருக்கிறது. ஆங்கிலப் புத்தகங்கள் இதைப் பக்கம் பக்கமாக விளக்கும். 'வா, வாங்க மாதிரிதான்' என்று ஒரே வரியில் நீங்கள் சொல்லிவிடலாம். பிள்ளை வெளிநாட்டு மொழி படிக்கிறது என்பதற்காகத் தமிழ் வாசிப்பை நிறுத்திவிடாதீர்கள். ஏணியே அதுதான்.

பாடத்திட்டம்: பெற்றோர் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

புத்தகமோ, ஆன்லைன் கிளாஸோ, நேரடி வகுப்போ, எதை எடுத்தாலும் இந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள்.

1. குரல் எங்கிருந்து வருகிறது?
அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுபவர்களின் ஒலிப்பதிவு ஒவ்வொரு பாடத்துக்கும் இருக்க வேண்டும். வீட்டில் அந்த மொழியை யாரும் பேசப்போவதில்லை. பிள்ளையின் காதுக்குக் கிடைப்பது இது மட்டும்தான்.

2. யார் திருத்துகிறார்கள்?
பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். வீடியோ பாடம் சொல்லித் தரும், தவறைச் சொல்லாது. வாரம் ஒருமுறையாவது பிள்ளை எழுதியதை ஒருவர் திருத்த வேண்டும், பிள்ளை பேசுவதை ஒருவர் கேட்க வேண்டும். திருத்த ஆள் இல்லாமல் ஒரு வருடம் படித்தால் தவறுகளும் ஒரு வருடம் வேரூன்றிவிடும். முழுநேர வகுப்புக்கு வசதி இல்லையென்றால், இலவசப் பாடத்தை வைத்துக்கொண்டு, வாரம் ஒரு மணி நேரம் திருத்துவதற்கு மட்டும் ஒரு டியூட்டரை அமர்த்துவதும் நல்ல ஏற்பாடு.

3. எந்தப் படியில் போய் முடிகிறது?
'பேசிக், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு' என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பத்துக்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஒருவரின் அட்வான்ஸ்டு இன்னொருவரின் ஏ2-வாக இருக்கும். 'இந்த கோர்ஸ் முடித்தால் ஏ1 தேர்வு எழுத முடியுமா, ஏ2 எழுத முடியுமா?' என்று நேராகக் கேளுங்கள். ஜப்பானிஷ் என்றால் என்5, என்4 என்று கேளுங்கள். அங்கே என்5 தொடக்கம், என்1 உச்சம்.

4. யாருக்காக எழுதப்பட்டது?
சின்னக் குழந்தைகளுக்கான பாடத்தில் வண்ணங்களும் விலங்குகளும் இருக்கும். 15 வயதுப் பையன் அதைத் திறக்கவே வெட்கப்படுவான். பெரியவர்களுக்கான பாடத்தில் வாடகை ஒப்பந்தமும் ஆபீஸ் மீட்டிங்கும் இருக்கும். அதிலும் அவன் மனம் ஒட்டாது. 'மின்னா நோ நிஹோங்கோ' என்ற பிரபலமான ஜப்பானிஷ் புத்தகத்தில் வரும் மில்லர் ஒரு கம்பெனி ஊழியர். 'கெங்கி' புத்தகம் கல்லூரி மாணவர்களைச் சுற்றி நடக்கிறது. பதின்ம வயதுக்குப் பின்னது நெருக்கம். பதின்ம வயதினருக்கென்றே எழுதப்பட்டவையும் உண்டு. ஜெர்மனில் 'பிரிமா பிளஸ்', ஃபிரெஞ்சில் 'அடோமானியா' அப்படிப்பட்டவை. வாங்கும் முன் மூன்று பாடங்களைப் பிள்ளையிடம் கொடுத்துப் புரட்டச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆப் மட்டும் போதாதா?

தினமும் 10 நிமிடம் ஆப் பார்ப்பது நல்ல பழக்கம். வார்த்தைகள் நினைவில் நிற்கும், ஆர்வம் அணையாமல் இருக்கும். ஆனால், கொடுத்த நான்கு பதில்களில் ஒன்றைத் தொடுவது வேறு, எதிரில் நிற்பவர் கேட்கும் கேள்விக்குத் தானாக வாக்கியம் அமைப்பது வேறு. 300 நாள் தொடர்ந்து ஆப் திறந்த பிள்ளை மூன்று வாக்கியம் தொடர்ந்து பேச முடியாமல் திணறினால் ஆச்சர்யப்பட வேண்டியதில்லை. ஆப்பை ஊறுகாய் மாதிரி வைத்துக்கொள்ளலாம். ஊறுகாயே சோறாகிவிடக் கூடாது.

ஆப்பைவிட உருப்படியான இலவசப் பாடங்கள் இருக்கின்றன. ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்செ வெல்லே, 'நீகோஸ் வேக்' என்ற வீடியோ தொடரை ஏ1 முதல் பி1 வரை இலவசமாகத் தருகிறது. ஜெர்மனிக்கு வந்து பையைத் தொலைத்துவிட்டு நிற்கும் ஓர் இளைஞனின் கதை அது. சீரியல் மாதிரி பார்த்துக்கொண்டே படிக்கலாம். ஃபிரெஞ்சுக்கு டிவி5 மோந்த் தளத்தில் படி வாரியாக வீடியோவும் பயிற்சிகளும் இருக்கின்றன. ஜப்பானிஷுக்கு ஜப்பான் ஃபவுண்டேஷனின் 'இரோதோரி' புத்தகமும் ஒலிப்பதிவும் இலவசம். கொரியனுக்கு கிங் செஜோங் இன்ஸ்டிட்யூட் இணையத்தில் பாடங்களை வைத்திருக்கிறது.

பணம் கட்டும் முன் நான்கு வாரம் இவற்றில் ஒன்றைப் படிக்கவிடுங்கள். நான்காவது வாரக் கடைசியில் இரண்டே விஷயங்களைப் பாருங்கள். தாளைப் பார்க்காமல் தன்னைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்ல முடிகிறதா? நீங்கள் நினைவூட்டாத நாளிலும் தானாகத் திறந்து படித்ததா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் தைரியமாகப் பணம் கட்டலாம். இரண்டாவதுக்கு 'இல்லை' என்றால் மொழியை மாற்ற வேண்டியிருக்கலாம். இந்த நேரத்தில் மாற்றினால் நஷ்டம் நான்கு வாரம் மட்டும்தான்.

எந்தத் தேர்வு எதைச் சோதிக்கிறது?

வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு வெளித்தேர்வு ஒரு பெரிய உதவி. முடிவுத்தேதி ஒன்று கிடைக்கிறது. வெளியார் ஒருவர் பார்த்து மதிப்பிடுகிறார். ஆனால், எல்லாத் தேர்வும் ஒன்றல்ல.

ஃபிரெஞ்சுக்கான டெல்ஃப் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண்கள். 100-க்கு 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால், ஒவ்வொன்றிலும் குறைந்தது 5 எடுக்க வேண்டும். பேசாமல் தப்பிக்க முடியாது. பதின்ம வயதினருக்கென்று 'டெல்ஃப் ஜூனியர்' இருக்கிறது. படி அதேதான், கேள்விகள் மட்டும் அந்த வயதுக்கு ஏற்றவை. சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். ஜெர்மனில் கோத்தே தேர்வுகளும் நான்கு திறன்களையும் சோதிக்கின்றன. தேர்ச்சிக்கு 60 சதவிகிதம் வேண்டும். ஏ1 படியில் இளையவர்களுக்கு 'ஃபிட் இன் டாய்ச்' என்ற தனித்தேர்வு உண்டு.

ஜப்பானிஷுக்கான ஜே.எல்.பி.டி. தேர்வில் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். கொரியனுக்கான டோபிக் தேர்வின் முதல் கட்டத்திலும் கேட்டலும் வாசித்தலும் மட்டும்தான். அந்தச் சான்றிதழ் இரண்டு வருடம் வரைதான் செல்லும். ஆகவே, இந்த இரண்டு மொழிகளைப் படிக்கும் பிள்ளை தேர்வில் பாஸாகிவிட்டதால் பேச வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பேச்சுப் பயிற்சியைத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

சென்னையில் கோத்தே இன்ஸ்டிட்யூட், அதாவது மேக்ஸ் முல்லர் பவனும், அலியான்ஸ் ஃபிரான்சேஸும் நுங்கம்பாக்கத்தில் இருக்கின்றன. புதுச்சேரியிலும் அலியான்ஸ் உண்டு. ஜப்பானிஷுக்கு ஏ.பி.கே. ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய், கொரியனுக்கு இன்கோ சென்டர். வெளியூரில் இருப்பவர்கள் வகுப்புகளை ஆன்லைனில் பார்த்துக்கொள்ளலாம். தேர்வுக்கு மட்டும் நேரில் வர வேண்டியிருக்கும். பயணச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் இடத்தில்...

* ஏ1 முதல் பி2 வரை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். வேண்டாம். ஒரு படிக்கு மட்டும் கட்டுங்கள். பாதியில் நின்றால் மொத்தப் பணமும் சிக்கிக்கொள்ளும்.
* நேரலை வகுப்பா, பதிவு செய்த வீடியோவா? ஒரு பேட்சில் எத்தனை பேர்? 45 நிமிட வகுப்பில் 30 பேர் இருந்தால் உங்கள் பிள்ளை பேசக் கிடைப்பது ஒன்றரை நிமிடம்.
* சொல்லித்தருபவர் எந்தப் படி வரை தேர்வு எழுதியிருக்கிறார்? ஏ2 முடித்தவர் ஏ1 எடுப்பதும் நடக்கிறது. தாராளமாகக் கேட்கலாம், தவறில்லை.
* கிடைக்கப்போவது நிறுவனத்தின் 'கோர்ஸ் முடித்த சான்றிதழா', சர்வதேசத் தேர்வுச் சான்றிதழா? இரண்டும் ஒன்றல்ல. தேர்வுக் கட்டணம் பெரும்பாலும் தனி.
* ஒரு வகுப்பாவது பிள்ளை உட்கார்ந்து பார்த்த பிறகு முடிவெடுங்கள். 'இன்னைக்கே சேர்ந்தாதான் இந்த ஃபீஸ்' என்றால் போனை வைத்துவிடுங்கள்.

மொழி தெரியாத அப்பா, அம்மா என்ன செய்யலாம்?

'எனக்கே ஒரு எழுத்து தெரியாது, நான் எப்படிப் பார்த்துக்கிறது?' என்பது நியாயமான தயக்கம். பெற்றோர் ஆசிரியராக மாற வேண்டியதில்லை. சரியா, தப்பா என்று பார்ப்பது டியூட்டரின் வேலை. நடந்ததா, இல்லையா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை.

அதற்கு எளிய வழிகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் என்று வைக்காமல், தினமும் ஒரே நேரத்தில் 45 நிமிடம் வையுங்கள். காலை டிபனுக்கு முன்னால் என்றால் இன்னும் நல்லது. மாதத்தின் முதல் நாள், பிள்ளை இரண்டு நிமிடம் பேசுவதை போனில் பதிவு செய்து வையுங்கள். மூன்று மாதப் பதிவுகளை வரிசையாகக் கேட்டால் மொழி தெரியாத உங்களுக்கே முன்னேற்றம் புரியும். 'எதுவும் வரலை' என்று சோர்ந்திருக்கும் பிள்ளைக்கும் அது டானிக்.

இன்னொன்று, வீட்டில் பாட்டியோ தம்பியோ இருந்தால் தினமும் இரண்டு வார்த்தை கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். பாட்டி தப்பாகச் சொல்வார், பிள்ளை திருத்தும், எல்லோரும் சிரிப்பார்கள். வகுப்புத் தோழர்கள் இல்லாத பிள்ளைக்கு அந்தச் சிரிப்பும் தேவைதான்.

ஐந்தாறு மாதத்தில் ஒரு தொய்வு வரும். எழுத்துகள் கற்றுக்கொண்ட புது உற்சாகம் தீர்ந்து, இலக்கணம் கடினமாகும் காலம் அது. 'சொன்னேன்ல, ஜெர்மன் எடுத்திருக்கலாம்னு' என்ற வாக்கியத்தை அந்த நேரத்தில் மட்டும் சொல்லிவிடாதீர்கள். இரண்டு வாரம் புதுப் பாடத்தை நிறுத்தி, பழைய பாடங்களை மறுபடி கேட்கவைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஒரு தாளை எடுத்து மூன்று வரி எழுதுங்கள். என்ன மொழி என்ற முதல் வரியைப் பிள்ளை எழுதட்டும். யார் திருத்துகிறார்கள் என்ற இரண்டாவது வரியை நீங்கள் எழுதுங்கள். எந்தத் தேர்வு, எந்த மாதம் என்ற மூன்றாவது வரியை இருவரும் சேர்ந்து எழுதுங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். மூன்றில் ஒரு வரி காலியாக இருந்தாலும் பர்ஸைத் திறக்காதீர்கள். மூன்றும் நிரம்பிவிட்டால் நாளைக் காலையே தொடங்கிவிடலாம்.